வங்காளத்துச் சானா இனிப்புகள்: பால் திரிப்பதிலிருந்து ரசகுல்லா வரை, ஊர்ப் பதங்களோடு ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டில் செய்த ரசகுல்லா ரப்பராகிவிட்டது என்று சொல்லி வருபவர்கள் முதலில் பாகின் அளவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது, பால் திரியும்போது அடுப்பு எரிந்துகொண்டிருந்ததா என்பது. பெரும்பாலும் எரிந்துகொண்டுதான் இருந்திருக்கும். அதன் பிறகு பாகை எப்படி மாற்றினாலும் அந்த உருண்டைகள் மிருதுவாகப் போவதில்லை.

பாலில் புளிப்புச் சேர்த்துத் திரித்து, நீரை வடித்து எடுக்கும் திரளுக்கு வங்காளத்தில் சானா என்று பெயர். சந்தேஷ், ரசகுல்லா, சம்சம், லேங்சா எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன. ஓர் ஊரின் இனிப்பு இன்னோர் ஊரின் இனிப்பிலிருந்து வேறுபடுவது, சானாவில் எவ்வளவு ஈரத்தை விட்டுவைக்கிறார்கள், அதற்கு எந்தச் சூட்டை எவ்வளவு நேரம் கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் அமைகிறது. ஆகவே ஈரத்தைக் கையால் அறியும் பழக்கம் முதலில் வர வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் நேராக ரசகுல்லாவுக்குப் போகிறார்கள். அந்த வரிசையை நான் பரிந்துரைப்பதில்லை. சந்தேஷில் செய்த பிழையை வாணலியிலேயே திருத்திவிடலாம். ரசகுல்லா பாகில் இறங்கிய பிறகு திருத்துவதற்கு எதுவும் இல்லை. இரண்டு மூன்று முறை சந்தேஷ் செய்துவிட்டு ரசகுல்லாவுக்குச் செல்லுங்கள்.

1. முன்கூட்டியே வேண்டியவை

இங்குள்ள அளவுகள் எல்லாம் 1 லிட்டர் பாலுக்கு உரியவை. அதில் ஏறத்தாழ 160 முதல் 180 கிராம் சானா கிடைக்கும். முதல் முறையே 3 லிட்டரில் தொடங்க வேண்டாம். அளவு கூடினால் பால் திரியும் வேகமும் ஆறும் வேகமும் மாறிவிடும், கையும் பிசைவதில் களைத்துவிடும்.

கொழுப்பு நீக்காத பசும்பால் வேண்டும். எருமைப்பாலில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம் என்பதால் திரள் இறுகலாக வரும். உருண்டை வெந்தபின் பல்லில் இழுபடும். கறந்த பால் கிடைக்காதவர்கள் பாக்கெட் பாலில் பசும்பால் என்று குறிப்பிட்டதை வாங்கலாம். மாதக்கணக்கில் கெடாத அட்டைப்பெட்டிப் பாலை வாங்க வேண்டாம். அது மாவுபோலப் பொடியாகத் திரிந்து துணியின் கண்களை அடைத்துக்கொள்ளும்.

புளிப்புக்கு 2 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றை அதே அளவு தண்ணீரில் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். 100 மில்லி தண்ணீரில் 2 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்தாலும் போதும். வங்காளத்தின் இனிப்புச் செய்பவர்கள் முந்தைய நாள் வடித்த சானா நீரைப் புளிக்க வைத்துப் பயன்படுத்துவார்கள்; மென்மையில் அதற்கு ஈடு இல்லை, ஆனால் அதன் புளிப்பு நாளுக்கு நாள் மாறும் என்பதால் கற்கும் காலத்தில் அளவு தெரிந்த அமிலமே நல்லது.

மற்றபடி அடிகனமான வாணலி, மரத்துடுப்பு, மெல்லிய மல்துணி, மூடியோடு கூடிய அகலமான பாத்திரம், கிராம் காட்டும் தராசு ஆகியவை தேவை. பாத்திரத்துக்குக் கண்ணாடி மூடி இருந்தால் மிகவும் நல்லது. ஏன் என்பதை எட்டாம் படியில் சொல்கிறேன்.

2. பாலைத் திரித்தல்

பாலை ஒரு முறை பொங்கக் காய்ச்சி, அடுப்பை அணைத்துவிடுங்கள். மூன்று நான்கு நிமிடம் விட்டால் சூடு ஏறத்தாழ 80 டிகிரிக்கு இறங்கும். சமையல் வெப்பமானி இருந்தால் 80க்கும் 82க்கும் இடையில் தொடங்குங்கள். கொதிக்கும் பாலில் புளிப்பு விழுந்தால் திரள் சட்டென்று சுருங்கித் தன் நீரை வெளியே தள்ளிவிடும், பிறகு எவ்வளவு பிசைந்தாலும் அந்த இறுக்கம் போகாது. சூடு 70க்குக் கீழே போனாலோ திரள் கூழாக நின்று நீர் வடியாது.

கரைத்து வைத்த புளிப்பை ஒரு கரண்டி விட்டு, மெதுவாக ஒரு சுற்று கிளறி, பத்து விநாடி பொறுத்து அடுத்த கரண்டி விடுங்கள். நீர்க்காத எலுமிச்சைச் சாற்றை மொத்தமாக ஊற்றினால் விழுந்த இடத்தில் மட்டும் கெட்டிக் குருணைகள் உண்டாகிவிடும். வேகமாகக் கிளறினாலும் திரள் உடைந்து பொடியாகும்.

திரிந்த நீர் பால் வெண்மை மறைந்து, இளம்பச்சை கலந்த மஞ்சளாகத் தெளிந்த அந்தக் கணமே புளிப்பை நிறுத்த வேண்டும். கரைத்து வைத்ததில் மீதி இருந்தால் இருக்கட்டும். மீதியையும் ஊற்றிவிடும் பழக்கம் புதியவர்களிடம் அதிகம் காண்கிறேன். சானா புளித்து இறுகுவதற்கு அது ஒன்றே போதும். நீர் தெளிந்தவுடன் ஒரு டம்ளர் குளிர்ந்த நீரை ஊற்றுங்கள். சுடுநீரில் கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் திரள் வெந்துகொண்டே இருக்கும் என்பதால் இந்தப் படியைத் தள்ளிப்போடக் கூடாது.

3. கழுவுதலும் வடித்தலும்

மல்துணி விரித்த வடிதட்டில் ஊற்றி, குழாய் நீரை மெல்லிதாகத் திறந்து, விரல்களால் திரளை அளைந்து கழுவுங்கள். மீந்த புளிப்பும் எலுமிச்சை மணமும் இதில் போய்விடும். அழுத்திக் கழுவினால் கொழுப்பும் கூடவே போய்விடும்.

துணியின் நான்கு முனைகளையும் சேர்த்துக் கட்டி, லேசாக ஒரு முறை பிழிந்து, 30 முதல் 40 நிமிடம் தொங்கவிடுங்கள். மேலே பாரம் வைக்க வேண்டாம். பாரம் வைத்து அழுத்தினால் அது பனீராகிவிடும். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளும் இரண்டையும் தனியாகவே பார்க்கின்றன: சானாவில் ஈரம் 65 சதவீதம் வரையும், பனீரில் 60 சதவீதம் வரையும் இருக்கலாம். எண்ணளவில் சிறிதாகத் தெரியும் அந்த வேறுபாடு, பாகில் ஊதும் உருண்டையையும் ஊதாத உருண்டையையும் பிரித்துவிடும். கடையில் வாங்கிய பனீரைத் துருவிப் பிசைந்து ரசகுல்லா செய்ய முயன்றவர்கள் தோற்பது இதனால்தான்.

சரியாக வடிந்ததா என்பதைக் கடிகாரத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள். நெல்லிக்காய் அளவு எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பத்து முறை தேய்த்து உருட்டுங்கள். நீர் கசிந்தால் இன்னும் பத்து நிமிடம் தொங்கட்டும். உதிர்ந்தால் வடிதல் மிஞ்சிவிட்டது. ஒரு தேக்கரண்டி சானா நீரைத் தெளித்துப் பிசையலாம். உருண்டை சேர்ந்து நின்று, கையில் ஈரம் ஒட்டாமல் மெல்லிய பளபளப்பு மட்டும் தெரிந்தால் அதுவே பதம்.

வடித்த சானாவை அன்றே, இயன்றால் அந்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பயன்படுத்திவிடுங்கள். குளிர்பெட்டியில் வைத்தால் கொழுப்பு உறைந்து, மறுநாள் பிசையும்போது சேராமல் மணல்மணலாக நிற்கும்.

4. பிசைதல்

கொல்கத்தாவில் ஓர் இனிப்புக் கடையின் பின்கட்டில் நின்று பார்த்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. அகன்ற மரத்தட்டில் சானாவைப் பரப்பி, விரல்களைத் தூக்கிக்கொண்டு, உள்ளங்கையின் அடிப்பகுதியால் மட்டும் முன்னோக்கித் தேய்த்துத் தள்ளினார் அந்த வயதான தொழிலாளி. தட்டின் விளிம்பு வரை தள்ளியதை மறுபடி ஒன்றுசேர்ப்பார், மறுபடி தள்ளுவார். இடையிடையே உள்ளங்கையைத் திருப்பி விளக்கொளியில் பார்த்துக்கொண்டார். அவர் பார்த்தது கொழுப்பின் மினுமினுப்பை. அது தெரிந்தவுடன் கையை எடுத்துவிட்டார்.

சப்பாத்தி மாவு பிசைவதுபோல விரல்களால் மடித்துப் பிசைந்தால் குருணைகள் உடையாது. உள்ளங்கையால் தேய்க்கும்போதுதான் அவை நசுங்கி ஒரே சீரான பசையாகும். அந்தச் சீரான பசைதான் உள்ளே உண்டாகும் நீராவியைப் பிடித்து வைத்து உருண்டையை ஊதச் செய்கிறது.

ரசகுல்லாவுக்கு 6 முதல் 8 நிமிடம், சந்தேஷுக்கு 3 அல்லது 4 நிமிடம் போதும். கை எண்ணெய்ப் பிசுக்காகும் வரை பிசைந்தால் கொழுப்பு பிரிந்துவிட்டது என்று பொருள். அந்தச் சானா ரசகுல்லாவுக்கு ஆகாது. அதை வீணாக்க வேண்டாம், சந்தேஷுக்குத் திருப்பிவிடலாம்.

5. முதல் இனிப்பு: நரம் பாக் சந்தேஷ்

நரம் பாக் என்றால் இளம்பதம். 170 கிராம் சானாவுக்கு 50 கிராம் சர்க்கரைப் பொடி. இரண்டையும் அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பே கலந்து பிசைந்துவிடுங்கள். வாணலியில் நெய் தடவ வேண்டாம். சானாவிலேயே போதிய கொழுப்பு உண்டு.

மிகச் சிறிய தீயில் வைத்து, துடுப்பால் அடியிலிருந்து சுரண்டி, வாணலியின் பக்கத்தில் தேய்த்துத் தேய்த்துக் கிளறுங்கள். முதல் இரண்டு நிமிடத்தில் சர்க்கரை இளகி, கலவை தளர்ந்து கூழாகும். இந்த இடத்தில்தான் பலர் பயந்து தீயைக் கூட்டுகிறார்கள், சிலர் மைதாவோ பால்பொடியோ சேர்க்கிறார்கள். இரண்டும் வேண்டாம். பொறுத்துக் கிளறினால் 6 முதல் 8 நிமிடத்துக்குள் கலவை திரண்டு வாணலியை விட்டு விலகத் தொடங்கும்.

மேற்பரப்பில் ஈரப் பளபளப்பு இன்னும் இருக்கும்போதே இறக்கி, உடனே வேறு தட்டுக்கு மாற்றிவிடுங்கள். சூடான வாணலியில் விட்டால் தீ இல்லாமலேயே இன்னும் ஒரு பதம் ஏறிவிடும். கை பொறுக்கும் சூட்டில் ஒரு நிமிடம் தேய்த்துப் பிசைந்து, ஏலப்பொடி சேர்த்து உருட்டியோ அச்சில் அழுத்தியோ எடுங்கள். ஆறிய பிறகு உருட்டினால் விரிசல் விடும். கலவை உதிர்ந்துபோனால் ஒரு தேக்கரண்டி வெதுவெதுப்பான பால் தெளித்துப் பிசைந்தால் மீண்டும் சேரும்.

இதைவிடவும் குறைந்த சூடு காட்டுவது, வங்கதேசத்தின் நாட்டோர் ஊருக்குப் புகழ் தந்த காச்சாகொல்லா. பெயரில் உருண்டை என்ற பொருள் இருந்தாலும் நாட்டோரில் அதை உருட்டுவதில்லை; பொலபொலவென்று ஈரத்தோடு அப்படியே அள்ளித் தருவார்கள். சந்தேஷ் கைவந்த பிறகு, வாணலியில் சர்க்கரை இளகி ஈரம் சற்றே வற்றியதும் இறக்கிப் பாருங்கள். பதத்தின் கீழ் எல்லை எது என்பது கைக்குத் தெரிந்துவிடும்.

6. பதத்தை ஏற்றுதல்: கொறா பாக், ஜொல்பொரா, மொனோஹரா

கொறா பாக் என்பது கெட்டிப்பதம். சர்க்கரையை 60 கிராமாக்கி, இளம்பதத்துக்கு மேல் இன்னும் 4 அல்லது 5 நிமிடம் கிளறினால் பளபளப்பு மறைந்து, கலவை துடுப்போடு ஒரே கட்டியாகச் சுழலும். அப்போது இறக்க வேண்டும். இது ஆறும்போது இறுகுவதால், நீங்கள் நினைக்கும் கெட்டிக்குச் சற்று முன்பே நிறுத்துவது சரி.

ஹூக்ளி மாவட்டத்துச் சந்தன்நகரின் ஜொல்பொரா சந்தேஷுக்கு இந்தக் கெட்டிப்பதம்தான் வேண்டும். அதன் அச்சு நுங்குச் சுளையின் வடிவம். நுங்கைக் கடித்தால் நீர் வருவதுபோல இதைக் கடித்தாலும் உள்ளிருந்து பன்னீர் மணக்கும் பாகோ நீர்த்த ஈச்ச வெல்லமோ வரும். நுங்கு அறிந்த நமக்கு இந்த இனிப்பின் நோக்கம் உடனே பிடிபடும். அச்சில் பாதிக்கு மேல் கலவையை அழுத்தி, பெருவிரலால் குழி செய்து, அரைத் தேக்கரண்டி பாகு விட்டு, மேலே மெல்லிய தட்டையொன்றை வைத்து விளிம்பை ஒட்டுங்கள். கலவை இளம்பதமாக இருந்தால் பாகை உறிஞ்சிக்கொள்ளும்; மறுநாள் உள்ளே ஈரக்கறை மட்டுமே மிஞ்சும். சூடாக இருக்கும்போது நிரப்பினாலும் ஒட்டு பிரிந்து கசியும். ஆகவே வெதுவெதுப்பு நிலையே இதற்குரிய நேரம்.

அதே மாவட்டத்து ஜனாய் ஊரின் மொனோஹரா, மென்மையான சந்தேஷ் உருண்டையைக் கெட்டிப்பாகில் தோய்த்து எடுப்பது. ஆறியதும் பாகு வெண்மையான ஓடாக இறுகி, உள்ளே உள்ள ஈரத்தைக் காக்கும். உருண்டை முழுதும் ஆறியிருக்க வேண்டும், பாகு சூடாக இருக்க வேண்டும். மாற்றிச் செய்தால் ஓடு ஒட்டாது.

7. ஈச்ச வெல்லம் சேர்க்கும் போது

குளிர்காலத்தில் ஈச்சமரத்தைச் சீவி இறக்கும் பதநீரிலிருந்து காய்ச்சும் நொலென் குர், வங்காளத்தில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கிடைக்கும். நீர்த்த நிலையில் உள்ளது ஜோலா குர். அச்சாக உறைந்தது பாட்டாலி. நம் கருப்பட்டி பனையிலிருந்து வருவது. அதைச் சேர்த்தாலும் நல்ல இனிப்பே கிடைக்கும், ஆனால் மணம் வேறு, கறுப்பும் கூடும்.

170 கிராம் சானாவுக்கு 60 கிராம் பாட்டாலியைச் சீவி, ஒரு மேசைக்கரண்டி வெந்நீரில் கரைத்து வடிகட்டுங்கள். சர்க்கரை சேர்க்க வேண்டாம். சானாவை முதலில் தனியாக மூன்று நிமிடம் கிளறி ஈரம் சற்று வற்றிய பின்னரே வெல்லத்தைச் சேர்க்க வேண்டும். தொடக்கத்திலேயே சேர்த்தால் அதன் புகைமணம் சூட்டில் பறந்துவிடும். பாயசத்திலோ பாலிலோ சேர்ப்பதாக இருந்தால் அடுப்பை அணைத்து, சூடு தணிந்த பிறகே விடுங்கள். வெல்லத்தில் இயல்பாக உள்ள புளிப்பு கொதிக்கும் பாலைத் திரித்துவிடும்.

8. ரசகுல்லா

170 கிராம் சானாவை நன்கு பிசைந்து, ஒரு தேக்கரண்டி மைதா அல்லது அரைத் தேக்கரண்டி ரவை சேர்த்து மேலும் ஒரு நிமிடம் பிசையுங்கள். நல்ல சானாவுக்கு இதுவும் தேவையில்லை; ஆனால் முதல் சில முறைகளில் உருண்டை உடையாமல் காக்கும். அதற்கு மேல் மாவு சேர்த்தால் வெந்தபின் நடுவில் மாவுக்கட்டி தெரியும்.

தராசில் நிறுத்து 11 அல்லது 12 கிராம் எடையில் பிரியுங்கள். ஏறத்தாழ 15 உருண்டைகள் வரும். எல்லாம் ஒரே எடையில் இருந்தால்தான் ஒரே நேரத்தில் வேகும். முதலில் சற்று அழுத்தி, பிறகு அழுத்தம் குறைத்து, கடைசியில் தொட்டும் தொடாமலும் உருட்டுங்கள். மயிரிழை விரிசலும் இருக்கக் கூடாது. நீராவி அந்த வழியாகவே வெளியேறி உருண்டையைப் பிளக்கும். உருட்டியவற்றை ஈரத்துணியால் மூடி வையுங்கள்.

அகலமான பாத்திரத்தில் 300 கிராம் சர்க்கரையை 1.2 லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிடுங்கள். கம்பிப் பதம் எதுவும் வேண்டாம். குலாப் ஜாமூன் செய்து பழகிய கை இங்கே பாகைக் காய்ச்சிக் கெட்டியாக்கிவிடுகிறது. கெட்டிப்பாகு உருண்டையிலுள்ள நீரை வெளியே இழுத்துச் சுருக்கும், நீர்த்த பாகே உள்ளே புகுந்து ஊதச் செய்யும்.

பாகு துள்ளிக் கொதிக்கும்போது உருண்டைகளை ஒவ்வொன்றாக இறக்கி மூடுங்கள். தீ முழுதாக எரியட்டும். 15 முதல் 18 நிமிடம் வரை நுரை உருண்டைகளுக்கு மேலே எழும்பிக்கொண்டே இருக்க வேண்டும்; மேல்பக்கம் வேகுவது அந்த நுரையால்தான். திறந்து திறந்து பார்த்தால் ஆவி தணிந்து ஊதிய உருண்டை அமுங்கிவிடும். கண்ணாடி மூடி வேண்டும் என்றது இதற்காக. ஏழு எட்டு நிமிடம் கழித்து ஒரே ஒரு முறை திறந்து, ஓரமாகக் கால் டம்ளர் வெந்நீர் விட்டு மூடுங்கள். வற்றிய அளவு ஈடாகும், பாகும் கெட்டியாகாது. தண்ணீர் விடும்போது அது கொதிநீராகவே இருக்க வேண்டும்.

உருண்டைகள் ஏறக்குறைய இரு மடங்காகியிருக்கும். ஒன்றை எடுத்துக் குளிர்ந்த நீரில் போட்டுப் பாருங்கள். மூழ்கினால் வெந்துவிட்டது, மிதந்தால் இன்னும் இரண்டு நிமிடம் வேண்டும். அணைத்த பிறகு பத்து நிமிடம் மூடியபடியே விட்டு, பிறகு அதே பாகில் குறைந்தது நான்கு மணி நேரம் ஊறவிடுங்கள்.

பிழையை உருண்டையே சொல்லிவிடும். பாகில் கரைந்து சிதறினால் சானாவில் ஈரம் மிகுதி. தட்டையானால் ஈரமோ பிசைதலோ மிஞ்சியது. வெளியே நன்றாக ஊதி நடுவில் கெட்டியாக இருந்தால் பிசைதல் போதவில்லை. பல்லில் கிறீச்சிட்டால் பால் அதிகச் சூட்டில் திரிந்தது. அடுத்த முறை அந்த ஒரு படியை மட்டும் மாற்றுங்கள். நான்கையும் சேர்த்து மாற்றினால் எது பயன் தந்தது என்று தெரியாது.

மேற்கு வங்கத்தின் ரசகுல்லா 2017-இலும் ஒடிசாவின் ரசகோலா 2019-இலும் தனித்தனியே புவிசார் குறியீடு பெற்றன. செய்முறையில் பார்த்தால் இந்தப் பிரிவு நியாயமானதே. மேலே சொன்னது கொல்கத்தாவின் வெள்ளை, பஞ்சு போன்ற வகை. புவனேசுவரத்துக்கும் கட்டக்குக்கும் இடையிலுள்ள பஹாலாவில் கிடைப்பது இன்னும் மென்மையானது, நீண்ட நேரம் வெந்து சர்க்கரை நிறம் மாறியதால் இளம்பழுப்பேறியது.

9. சம்சமும் லேங்சாவும்

வங்கதேசத்தின் டாங்காயில் பகுதியிலுள்ள பொராபாரியில் பெயர்பெற்ற சம்சத்துக்குச் சானா பத்து நிமிடம் கூடுதலாக வடிய வேண்டும். நீளவாக்கில் உருட்டி, 500 கிராம் சர்க்கரைக்கு 1 லிட்டர் தண்ணீர் என்ற கெட்டிப்பாகில், நடுத்தரத் தீயில் 35 முதல் 40 நிமிடம் வேகவிடுங்கள். அவ்வப்போது வெந்நீர் விட வேண்டும். பாகு கெட்டியாக இருப்பதால் இது அதிகம் ஊதாது, கடிக்க அழுத்தமாக இருக்கும். நீண்ட கொதிப்பில் செம்பழுப்பு நிறமும் வரும். ஆறியதும் உதிர்த்த கோவாவில் புரட்டி எடுக்கலாம்.

பர்த்தமான் அருகே சக்திகரின் லேங்சா பொரித்துச் செய்வது. 170 கிராம் சானாவை ஒரு மணி நேரம் வடித்து, 50 கிராம் கோவா, 30 கிராம் மைதா, ஒரு சிட்டிகை ஆப்பசோடா சேர்த்துப் பிசைந்து விரல் நீளத்துக்கு உருட்டுங்கள். எண்ணெய் மிதமான சூட்டில் இருக்கும்போதே போட வேண்டும். போட்டவுடன் சலசலக்காமல், அரை நிமிடம் கழித்துச் சிறு குமிழிகள் வந்தால் சூடு சரி. சூடு மிஞ்சினால் மேல்தோல் கறுத்து இறுகி, பாகு உள்ளே போகாமல் நின்றுவிடும். கரும்பழுப்பானதும் எடுத்து, சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் காய்ச்சிய வெதுவெதுப்பான பாகில் ஊறவிடுங்கள்.

10. இந்த வரிசையில் சேராதவை

பர்த்தமானின் சீதாபோகில் சானாவோடு அரிசிமாவும் சேரும். கலவையைத் துளைக்கரண்டி வழியாக நெய்யில் தேய்த்துச் சோற்றுப் பருக்கை போல் பொரிப்பார்கள். அதன் இணையான மிஹிதானா அரிசிமாவும் கடலைமாவும் கலந்த மிகச் சிறிய பூந்தி. கிருஷ்ணநகரின் சர்பூரியாவுக்கும் சர்பாஜாவுக்கும் ஆதாரம் பாலாடை. அடுக்கடுக்காக ஆடை சேர்க்கவே பல மணி நேரம் ஆகும். ஜெயநகர் மோவாவில் பாலைவிடக் கனக்சூர் நெல்பொரியும் ஈச்ச வெல்லமுமே முதன்மை. இவற்றைச் சானா கைவந்த பிறகு தனித்தனியாகக் கற்பது நல்லது.

11. வைத்திருக்கும் காலம்

இளம்பதச் சந்தேஷ் அன்றே உண்ண வேண்டியது. குளிர்பெட்டியில் இரண்டு நாள் தாங்கும். கெட்டிப்பதம் குளிர்பெட்டியில் ஒரு வாரம் வரை இருக்கும். ரசகுல்லாவைப் பாகில் மூழ்கியபடியே வைத்தால் மூன்று நாள் வரை நன்றாக இருக்கும். இன்னும் இனிப்பு வேண்டுமென்றால், ஊறிய மறுநாள் சற்றுக் கெட்டியான வெதுவெதுப்பான பாகுக்கு மாற்றலாம். அப்போது உருண்டைகளும் குளிர்ந்திருக்கக் கூடாது. பரிமாறுவதற்கு அரை மணி நேரம் முன்பு வெளியே எடுத்து வையுங்கள். குளிரில் உறைந்த கொழுப்பு இளகிய பிறகுதான் சானா மறுபடி மிருதுவாகும்.